காய்ச்சல் கடிதத்தை நான் படித்த விதம்

உறையூர்,
புரட்டாசி 28

அன்புள்ள அண்ணனுக்கு மயிலம்மாள் வணங்கி எழுதுவது. இதை யாரிடமும் காட்டாதீர்கள், படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள், காலில் விழுந்து கேட்கிறேன். அம்மா பக்கத்தில் படுத்தபடி சொல்கிறாள், நான் விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கச் சொன்னாள், அதை எழுதக் கை வரவில்லை. அப்பா நேற்று என்னை எழுதவைத்து அனுப்பிய கடிதத்தில், மாசி வரை வர வேண்டாம், மலைக்காற்றில் உடம்பு தானே தேறும் என்று அம்மா சொன்னதாக இருக்கும். அம்மா அப்படிச் சொல்லவே இல்லை.

வயநாட்டுத் தோட்டத்திலிருந்து நீங்கள் எழுதியதை நாங்கள் படித்தோம். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் தூக்கிப்போடுவது, இடப்பக்க வயிறு கல்லாக வீங்கியிருப்பது, கண் மஞ்சள் பூத்திருப்பது, ஓடையோரத்துக் கூலி லயக் குடிசைகளில் கொசு மொய்ப்பது, கொசுவலை துரை பங்களாவில் மட்டும் இருப்பது, அப்பா முன்பு அனுப்பிய நம் ஆட்களில் ஆறு பேரைக் காட்டுக்குள்ளேயே புதைத்தது எல்லாம். அப்பாவும் படித்தார். படித்துவிட்டு அதை என் கையில் கொடுத்துக் கொல்லைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அதே தோட்டத்துக்கு அவர் புதிதாக ஆள் பிடித்து வந்த தொட்டியத்துச் சனங்கள் பதினான்கு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். "என் பொண்ணு இஸ்கூல்ல படிக்குது, பொய் சொல்லாது. அதோட அண்ணன் எழுதினதைக் கேளுங்க" என்றார். என்ன படிக்க வேண்டும் என்று முன்பே சொல்லி மிரட்டியிருந்தார். உங்கள் எழுத்தைப் பார்த்துக்கொண்டே, நான் சுகம், இங்கே காய்ச்சல் என்ற பேச்சே இல்லை என்று படித்தேன் அண்ணா. கைக்குழந்தையோடு வந்த காளியாயி, "ஒங்கண்ணன் நல்லா இருக்கணும் தாயி, இப்பத்தான் பயம் போச்சு" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

ஐப்பசி பத்தாம் தேதி அவர்களை ரயிலேற்றுகிறார். அதற்குள் நீங்கள் வந்துவிட்டால் ஒருவரும் கிளம்பமாட்டார்கள் என்றுதான் உங்களைத் தடுக்கிறார். நான் அவர்களிடம் உண்மையைச் சொன்னால் சின்னப்பெண் உளறுகிறாள் என்று தோலை உரிப்பார். இதை அம்மா தட்டிக் கேட்டதற்கு வாங்கிய அடி இன்னும் கன்னத்தில் கன்றிக் கிடக்கிறது. நீங்கள் வந்து கொட்டகை வாசலில் நின்றால் போதும், பேசக்கூட வேண்டாம். அந்த மஞ்சள் கண்ணைப் பார்த்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். "வேலை போனா போவுது அழகிரி, நீ உசிரோட வந்து சேரு, சமயபுரத்தா உன் கூடவே வருவா" என்று எழுதச் சொல்கிறாள் அம்மா. காய்ச்சலுக்குத் தரும் கொயினா மாத்திரையை விட்டுவிடாதீர்கள், கசந்தால் வெல்லத்தோடு விழுங்குங்கள். ஜங்ஷனில் இறங்கியதும் வீட்டுக்குள் வராமல் நேரே கொல்லைப்பக்கம்

அப்பா வந்து கதவைத் தட்டுகிறார். அண்ணா, பத்தாம் தேதிக்குள்