சம்பந்தியம்மா மடியில் சீத்தாப்பழம்

அன்பு மகள் முனீஸ்வரிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே ராஜபாளையத்தில் நானும் உன் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி, இருமல் இல்லாமல் இருக்க ஆண்டாள் தாயார் துணை நிற்கட்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் வாயைத் திறந்ததும் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளையும் சொல்லுங்க அத்தை என்று வந்து நின்றுகொள்கிறார். இது அவர் காதுக்குப் போகக்கூடாத சங்கதி. அதனால்தான் சுண்டவத்தல் பொட்டலத்துக்குள் மடித்து வைத்து அனுப்புகிறேன், அவர் அதன் பக்கமே வரமாட்டார் என்று நீதானே சொன்னாய். தனியாக உட்கார்ந்து படி. சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்.

உன் அப்பாவுக்கு மில்லில் இப்போது வாரத்தில் பாதி நாள்தான் வேலை தருகிறார்கள். உடனே பணம் அனுப்புகிறேன் என்று கிளம்பிவிடாதே, நீங்களே வாடகைக்கு முழி பிதுங்கி நிற்பது எனக்குத் தெரியும். நாங்கள் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. பழத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குவதை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். ஆடியில் ரோட்டோர நாவல்மரத்தடியில் பொறுக்கினேன், உன் அப்பாவுக்கு வாரம் முழுக்க நாக்கு ஊதாவாகவே இருந்தது. புரட்டாசி பிறந்ததும் சீத்தாப்பழம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றுப் பெருமாளைச் சனிக்கிழமை தோறும் கும்பிடப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இலவச பஸ்ஸில் ஏறிவிடுவேன். பெருமாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே மலைக்கு மேற்கே நடையைக் கட்டுவேன். அங்கே யாரோ கோயம்புத்தூர்க்காரர் வாங்கிப் போட்ட தோட்டம் ஒன்று முள் மண்டிக் கிடக்கிறது, வேலி நெடுக சீத்தாமரம். பாரஸ்ட்காரர் எல்லைக்குள் நான் கால் வைப்பதில்லை, அதற்குப் பயப்படாதே. உன் அப்பா பக்கத்து வீட்டில் போய், ஒங்க மதினிக்கு சாமி மேல இம்புட்டு பக்தி எப்ப வந்துச்சுன்னே தெரியல என்று பெருமை பேசுகிறாராம்.

மூன்றாவது சனிக்கிழமை நல்ல வெயில். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கண் விரிந்த காயாகப் பார்த்துப் பறித்துக்கொண்டிருந்தேன். புதருக்கு அந்தப் பக்கம் சரசரவென்று சத்தம். காட்டுப்பன்றிதான் என்று நினைத்துக் கம்பை ஓங்கிக்கொண்டு ஏய் என்று கத்தினேன். அந்தப் பக்கமிருந்தும் ஏய் என்று ஒரு சத்தம். கிளையை விலக்கினால், என்னைப் போலவே தலையில் துண்டும் கையில் கம்புமாக உன் மாமியார் பெத்தம்மாள்! போலீஸ் ஏட்டுவீட்டு அம்மா, தெருவில் நிமிர்ந்து நடந்தாலே நாலு பேர் வழிவிடுவார்களே, அவர்தான். உன் மறுவீட்டு விருந்தில் அவருடைய தம்பி இலையில் நல்லி எலும்பு விழவில்லை என்று கோபித்துக்கொண்டு போனாரே, அதற்குப் பிறகு என்னிடம் நல்லா இருக்கீங்களா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது என்னைப் பார்த்ததும் முகம் சுண்டிப் போய், கோயிலுக்கு வந்தேன் சம்பந்தியம்மா, செருப்பக் காணும், தேடிக்கிட்டு வாரேன் என்றார். செருப்பு இரண்டும் காலில்தான் கிடந்தன. நானும் விடவில்லை, நான் துளசி பறிக்க வந்தேன் என்றேன். அந்த நேரம் பார்த்து அவர் மடியிலிருந்து நன்றாகப் பழுத்த ஒன்று நழுவி என் கால்மேல் பொத்தென்று விழுந்து பிளந்தது. இரண்டு பேரும் அதைக் குனிந்து பார்த்தோம். பிறகு சிரித்த சிரிப்பில் மரத்தில் இருந்த கிளியெல்லாம் பறந்துவிட்டது.

நிழலில் உட்கார்ந்தோம். அவர் பேச்சே இல்லாமல் அடுத்தடுத்து மூன்று பழம் தின்றார், கொட்டையைத் துப்பக்கூட நேரம் கொடுக்கவில்லை. சனிக்கிழமை விரதமா என்று கேட்டேன். வெரதம்னு வெளிய சொல்லிக்கிடுதேன் என்றார். எனக்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை முனீசு. ஏட்டையா பென்ஷன் முழுவதும் மாப்பிள்ளையின் தம்பி படிப்புக்கே போய்விடுகிறதாம், உங்களிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. மூத்தவனுக்கு தெரிஞ்சா வெளிநாட்டுல அவனுக்கு சோறு எறங்காது என்றார். தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளையிடம் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம், உன்னைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

எழுந்திருக்கப் போகிறோம், நாய் குரைத்தது. காவல்காரர் சமுத்திரம் கம்போடு வந்து நின்று, யாரது, மடியில என்ன என்று அதட்டினார். போலீஸ்காரர் வீட்டம்மாவைத் திருடி என்று ஊர் பேசினால் என்ன ஆகும்? உன் மாமியார் மெதுவாக எழுந்தார், தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஏலே, நீதான் காவலா, வேலி கெடக்கிற லட்சணத்தப் பாரு, எம் மவன் கௌதம்ராஜ் கனடால இருக்கான், தோட்டம் வாங்கப் பாக்குதோம், பழம் ருசி பாக்காம யாராச்சும் தோட்டம் வாங்குவாகளா என்று ஒரே போடாகப் போட்டார். சமுத்திரம் கம்பைக் கீழே போட்டுவிட்டார். அதோடு நிறுத்தக் கூடாதா இந்த அம்மா? கெணத்துல தண்ணி எம்புட்டு கெடக்கு என்று கேட்டுவைக்க, அந்த மனுஷர் எங்களைக் கிணற்றடி, பம்புசெட், எல்லைக்கல் என்று அந்த வெயிலில் சுற்றிக் காட்டிவிட்டார். நான் பின்னாலேயே தலையாட்டிக்கொண்டு போனேன். கடைசியில் ஒரு சாக்கு நிறையப் பழத்தை அவரே பறித்துக் கட்டிக்கொடுத்து, உன் மாமியாரின் போன் நம்பரும் வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே உன் மாமியார் எனக்குப் போன் செய்தார். சம்பந்தியம்மா என்பது போய், மதினி, செத்த நேரம் பேசணும் என்று ஆரம்பித்தார். சமுத்திரம் சொல்லி அந்தக் கோயம்புத்தூர்த் தோட்டத்துக்காரர் கூப்பிட்டு, பத்திரம் எப்போது போடலாம் என்று கேட்கிறாராம். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். ஏட்டையா பொண்டாட்டி களவாண்டான்னு என் வாயாலயே சொல்லவா என்று அழுதுவிட்டார். சரி, நான் பேசுகிறேன் என்று நம்பரை வாங்கி, சாமியை வேண்டிக்கொண்டு கூப்பிட்டேன். ஐயா, தோட்டம் வாங்க எங்களுக்கு வக்கில்லை, சீத்தாப்பழம் பொறுக்கத்தான் வந்தோம், மன்னிச்சுக்கிடுங்க என்றேன். போலீசுக்குத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். திடீரென்று அவருடைய சிரிப்பு கேட்டது. அம்மா, தயவு செய்து இதைச் சமுத்திரத்திடம் சொல்லிவிடாதீர்கள், வாங்க ஆள் வந்திருக்கிறது என்றதிலிருந்து மனுஷன் தினமும் முள் வெட்டுகிறான், வேலி கட்டுகிறான், இத்தனை வருஷமாக நான் கெஞ்சியும் நடக்காத வேலை, நீங்கள் வாராவாரம் வந்து தோட்டத்தைப் பார்த்துக் குறை சொல்லிவிட்டு எவ்வளவு பழம் வேண்டுமோ எடுத்துப் போங்கள் என்றார்.

ஆக இப்போது சனிக்கிழமை தோறும் உன் மாமியாரும் நானும் தோட்டம் பார்க்கப் போகிறோம். அவர் முன்னால் நடந்து குறை சொல்வார், நான் பின்னால் பையைத் தூக்குவேன். மிஞ்சுகிற பழத்தை அக்கம்பக்கத்தில் விற்பதில் அவருக்கும் கைச்செலவுக்கு ஆகிறது. நான் புளிச்சோறு இரண்டு பேருக்குக் கட்டிப் போகிறேன். பெருமாள் பிரசாதம் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். அவரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுகிறார். வீட்டு அடுப்பில் வெந்த புளிச்சோறு என்பது அவருக்கும் தெரியும்.

நீ செய்ய வேண்டியது இதுதான். போனில் உன் மாமியாரிடம் என்ன சாப்பிட்டீங்க அத்தை என்று கேட்டால் கறிக்குழம்பு என்பார். அப்படியா, எனக்கும் வேணுமே என்று மட்டும் சொல், துருவாதே. தலைக்கு எண்ணெய் வை, மாப்பிள்ளையோடு சண்டை போட்டால் சாப்பிட்டுவிட்டுப் போடு. இருவரும் குறைவில்லாமல் வாழ அம்மாவின் ஆசீர்வாதம். மறந்துவிடாதே, மாப்பிள்ளையை எங்கள் சனிக்கிழமை காலையில், அதாவது உங்கள் வெள்ளிக்கிழமை ராத்திரியில் மட்டும் தன் அம்மாவுக்குப் போன் போட விடாதே. அந்த நேரத்தில் உன் மாமியார் சமுத்திரத்தை ஏசிக்கொண்டிருப்பார்.

உன் அம்மா,
வெங்கடேஸ்வரி