சிவப்புப் புள்ளி இல்லாத ஆண் மீன்

டோல்மின்,
டிசம்பர் 11

அன்பு மகள் நேஜாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் உன் கணவன் ஐரிக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன். நலம் என்று எழுதலாம், பழகிய கை அதைத்தான் முதலில் எழுதப் பார்த்தது, ஆனால் இந்த மூன்று மாதமாக ஒரு பொய்யை மூடி மூடி வைத்தது போதும், இன்னொன்றையும் சேர்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, வலது கையில் இரண்டு விரல் இன்னும் மரத்துக் கிடக்கிறது, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ கேள்வி கேட்பாய், நான் மழுப்புவேன், போன தடவை நடந்தது அதுதானே.

உன் ஆய்வுக்கூடத்துத் தாள் செப்டம்பரில் வந்தது. மீன்பிடிச் சங்கத் தலைவன் போயான் அதைப் பொரிப்பகத்துக்கே எடுத்து வந்து, நான் தொட்டி கழுவிக்கொண்டிருந்த இடத்தில் நின்று சத்தமாகப் படித்தான். துடுப்பு நறுக்கி அனுப்பிய நாற்பத்து மூன்று தாய் மீன்களில் ஒன்று கூட நம் ஆற்றுக்கே உரிய சுத்தமான பளிங்கு மீன் இல்லை, எல்லாவற்றிலும் வெளியிலிருந்து கொண்டு வந்து விட்ட புள்ளி மீனின் ரத்தம் கலந்திருக்கிறது, கலப்பு இருபது இருபத்தைந்து வருடத்துக்கு முன் பண்ணைக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும். கீழே உன் கையெழுத்து. "நம்ம நேஜாவே எழுதிட்டா அக்கா, இதுக்கு மேல பேச என்ன இருக்கு" என்றான். சோச்சா ஆறு முழுக்கக் கலப்பாகிவிட்டது, மேல் ஓடையில் மிஞ்சிய சுத்த மீனைப் பிடித்து வந்து வளர்த்துக் குஞ்சு எடுத்து மறுபடி ஓடைகளில் விடுவோம் என்றுதானே உன் அப்பா அந்த இடத்தையே தொடங்கினார். இருபத்தைந்து வருடம் நாங்கள் சுத்தம் என்று நினைத்து எட்டு ஓடைகளில் கொண்டு போய்க் கொட்டியது கலப்புக் குஞ்சுகள். அன்று சாயங்காலம்தான் நீ போன் செய்தாய். "நான் என்னம்மா பண்றது, இருக்கிறதத்தானே எழுத முடியும்" என்றாய். பிறகு மெதுவாக, "அப்பா எப்பவாவது கீழ ஆத்து மீன உள்ள கொண்டு வந்தாராம்மா?" என்று கேட்டாய். நான் எனக்கெப்படித் தெரியும் என்றேன். நேஜா, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தக் கடிதம்.

நவம்பர் முதல் வாரம் தாய் மீன்களைக் கொன்றார்கள். முட்டை விடும் பருவத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று தீர்மானம். கட்டையால் தலையில் ஒரு அடி, அவ்வளவுதான். அத்தையை உனக்கு நினைவிருக்கும், தாடை கிழிந்த பெரிய பெண் மீன், அப்பா வைத்த பெயர். காட்டில் பிறந்த வம்சம், தீனி உருண்டையை மோந்துகூடப் பார்க்க மாட்டாள், நான் நறுக்கிய ஈரலைக் கையில் வைத்து நீட்டினால்தான் வருவாள். அன்றைக்கும் என் நிழலைப் பார்த்து வந்தாள். சாப்பிடலாம் என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார், மறுவாரமே மார்ட்டின் திருநாள், புது ஒயினுக்குத் தோதாகப் போயிற்று. "மிலோய்க்கா அக்கா, உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும், நீங்களே பண்ணிடுங்க" என்றான் போயான். பண்ணினேன். ஐம்பது பேருக்குச் சோளக் களி கிண்டினேன், மீனை வகுந்தேன், ஒவ்வொரு வயிற்றிலும் ஆரஞ்சு நிற முட்டை பழுத்துத் தயாராக இருந்தது, மூன்று வாளி முட்டையைக் குழிவெட்டிப் புதைத்தேன். கிழவன் வென்சல் முள்ளை உறிஞ்சிக்கொண்டே, "கலப்பா இருந்தா என்ன, ருசி சுத்தமாத்தான் இருக்கு" என்றான், எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்குப் பரிமாறிய என் கைமேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. உன்மேலும் வந்தது, மறைக்கவில்லை. பனி நாட்டில் கதகதப்பான அறையில் உட்கார்ந்து எழுதிய தாளின் கடைசி வரி இங்கே வந்து எப்படி முடிகிறது என்று நீ ஒருநாள் நின்று பார்த்திருக்க வேண்டும்.

அதோடு விட்டிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டே செத்திருப்பேன். அடுத்த வாரம் வேலைக்குப் போனேன், வாசல் சுவரில் உன் அப்பா பெயர் பொறித்த பலகை இல்லை. நாலு திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "ஸ்ரெச்கோ அண்ணன் நல்ல மனுசன்தான் அக்கா, ஆனா ஊருக்கே தண்ணி காட்டிட்டாரே" என்றான் போயான். செத்து ஐந்து வருடமான மனிதன், எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா. உயிரோடு இருந்தவரை மேல் ஓடை மீனைத் தவிர வேறு ஆண் மீனின் ஒரு சொட்டு விந்துப் பால் இந்த முட்டைக் கிண்ணத்தில் விழக்கூடாது என்று தினமும் ஓதிய மனிதனை ஏமாற்றுக்காரன் என்கிறார்கள். பலகையை வாங்கி வந்து வீட்டில் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். உனக்கு அப்போது ஆறு வயது. 1997 நவம்பரில் அப்பா ஐஸில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தார், உன்னை உன் அத்தை வீட்டில் விட்டிருந்தேன். பொரிப்பகத்தில் பதினோரு பெண் மீன்கள் ஒரே வாரத்தில் பழுத்துவிட்டன, வயிற்றைத் தொட்டாலே முட்டை வழிகிறது. ஆண் மீன்கள் மூன்று, மூன்றும் வறண்டு போயிருந்தன. காட்டு மீனுக்குத் தொட்டி ஆகாது, பெண் தயாராகும்போது ஆண் தயாராகாது, இதோடுதான் நாங்கள் வருடா வருடம் மல்லாடினோம். பழுத்த முட்டை நாலைந்து நாள் தாங்கும், பிறகு வயிற்றுக்குள்ளேயே கெட்டுப் போகும். மேல் ஓடைக்கு ஏறலாம் என்றால் இடுப்பளவு பனி. மருத்துவமனைக்குப் போனேன், அப்பா கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்டது முட்டையைத்தான். நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, மறுநாள் மத்தியானம் அப்பாவின் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு தடுப்பணைக்குக் கீழே ஆற்றில் இறங்கினேன். கூட யாரும் இல்லை. மூன்றாவது வீச்சில் வலையில் விழுந்தது, என் கை நீளம், ஆறு கிலோ இருக்கும். பொரிப்பகத்து ஜன்னலுக்கு நேரே வைத்துச் செதில் செதிலாகப் பார்த்தேன். நம் ஊரில் அப்போது இருந்த ஒரே பரீட்சை அதுதான், சிவப்புப் புள்ளி இருந்தால் கலப்பு, இல்லாவிட்டால் சுத்தம். அதன் உடம்பில் ஒரு புள்ளி இல்லை. தலையிலிருந்து வால் வரைக்கும் பளிங்குக் கல்லில் ஓடுகிற கோடுதான். ஆற்று மீன் ஆகாது என்று அப்பா சொன்னது எனக்குத் தெரியும். இவ்வளவு அழகான மீன் எப்படித் தப்பாகும் என்று நினைத்தேன். பதினோரு கிண்ணம் முட்டைக்கும் அதன் பாலைப் பிழிந்து, வாத்து இறகால் கலக்கி, மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிட்டேன்.

அந்த வருடம் மாதிரி என்றைக்கும் பொரித்ததில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அப்பா ஊன்றுகோலோடு நேரே அங்கேதான் வந்தார், தட்டில் முட்டைக்கு முட்டை இரண்டு கறுப்புக் கண் தெரிவதைப் பார்த்தார், "மிலோய்க்கா, ஒனக்குக் கை ராசிடி" என்று சொல்லி அழுதுவிட்டார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவ்வளவையும் ஆற்றில் கொட்டிவிடுவார், எனக்கு அது தெரியும், அந்த மனிதன் முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை. அந்தக் குஞ்சுகள்தான் பிறகு தாய் மீன்கள் ஆயின. அதற்குத்தான் சங்கம் பலகை வைத்தது. சாகும் வரை அவர் அந்தப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலகை போன பிறகு பொறுக்க முடியவில்லை. நவம்பர் கடைசியில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, இப்போது உனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். அவர்கள் என்னைத் திட்டுவார்கள், வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். வென்சல் சிரித்தான். "ஏம்மா மிலோய்க்கா, நவம்பர் தண்ணில நீ ஒருத்தியா நின்னு ஆறு கிலோ மீன வலையில போட்டியா? புருசன் பேர காப்பாத்தணும்னா வேற கதை சொல்லும்மா" என்றான். இன்னொருவன், "ஸ்ரெச்கோ குடுத்து வெச்சவன்ப்பா, செத்த பிறகும் பழிய சுமக்கப் பொண்டாட்டி இருக்கா" என்றான். கை தட்டினார்கள் நேஜா. போயான் என் தோளைப் பிடித்து உட்கார வைத்து ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தான். இருபத்தொன்பது வருடம் அவர்களுடைய முட்டைகளை நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறேன், நான் செய்த தப்பு என்று ஒன்றைக்கூட என் பெயரில் எழுதிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

அதனால்தான் போன வியாழக்கிழமை மெர்ஸ்லி ஓடைக்கு ஏறினேன். இன்னும் பனி விழவில்லை, வேட்டைக்காரர் தடத்தில் நாலு மணி நேரம். 1997 வசந்தத்தில், கால் முறிவதற்கு முன்பு, அப்பா முதுகில் பீப்பாய் கட்டிச் சுமந்து அந்த அருவிக்கு மேலே குஞ்சு விட்டார், அதற்கு முன் அங்கே மீனே கிடையாது. அடுத்த வருடம் ஈஸ்டர் நிலநடுக்கத்தில் பாதை சரிந்தது, பிறகு அங்கே யாரும் எதையும் விடவில்லை, கீழிருந்து எந்த மீனும் அந்த அருவியை ஏற முடியாது. இருக்குமா என்ற சந்தேகத்தோடுதான் போனேன். இருக்கிறது. கல்லுக்கடியில் கையை விட்டுத் தடவி ஒன்பது பிடித்தேன், துடுப்பு நுனியில் அரிசி அளவு நறுக்கிக்கொண்டு திரும்ப விட்டேன். அனுமதிச் சீட்டு இல்லாமல் செய்தது, தெரிந்தால் தெரியட்டும். விரல் மரத்தது அங்கேதான். ஒன்பது குப்பியும் மருந்துக்கடைச் சாராயத்தில் இருக்கின்றன, நம்பர் போட்டு ஐரிக்குக்குப் பின்னிய கம்பளிக் காலுறைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன், காலுறையை நன்றாக உதறிப் பார். அப்பா நவம்பர் ஆறிலிருந்து டிசம்பர் இருபத்து நான்கு வரை படுத்திருந்த மருத்துவமனைச் சீட்டும் கூடவே இருக்கிறது.

பரிசோதித்துப் பார். எனக்காகவும் அப்பாவுக்காகவும் ஒரு வரியும் மாற்றி எழுதாதே, மீன் சொல்வதையே எழுது. அந்த ஒன்பதும் சுத்தமாக இருந்தால் அப்பாவின் காலத்து மீன் சுத்தம், கெட்டது அவர் இல்லாத அந்த ஒன்றரை மாதத்தில்தான். இல்லாவிட்டால் அதையும் எழுது, நான் தாங்கிக்கொள்கிறேன். என் வாயை நம்பாதவர்கள் உன் தாளை நம்புவார்கள், ஒரு தாளுக்காக நாற்பத்து மூன்று மீனைக் கொன்று தின்றவர்கள்தானே.

நீ குளிருக்குத் தொப்பி போடுவதில்லை என்று ஐரிக் சொன்னான், போடு. வெறும் காபியோடு காலையை ஓட்டாதே. வால்நட் பொட்டலம் நம் மரத்தில் காய்த்தது, ஈரம் படாமல் வை. உன்மேல் இருந்த கோபம் எழுத எழுதக் கொஞ்சம் குறைந்துவிட்டது, முழுக்கப் போகவில்லை, நீ ஒரு தடவை நேரில் வந்தால் போகும். உங்கள் இருவரையும் கடவுள் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் கை எழுதுவது என்றைக்கும் உண்மையாகவே இருக்கட்டும். குப்பிகளை வெயிலில் வைக்காதே, அது மட்டும் மறக்காதே. இந்தக் கடிதத்தை உன் தாளோடு சேர்த்துப் போயானுக்கு அனுப்பு. அதற்காகத்தான் கீழே அம்மா என்று எழுதாமல் முழுப் பெயரைப் போடுகிறேன்.

மிலோய்க்கா லெபான்,
ஸ்ரெச்கோ லெபானின் மனைவி,
அந்த ஆண் மீனைப் பிடித்தவள்.