சுடாத துப்பாக்கியும் உன் அப்பாவும்

அன்பு மகன் எர்மெக்குக்கு,

மாஸ்கோவில் நீயும் நர்கிசாவும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

இந்தக் குளிருக்கு ஓநாய்கள் மலையை விட்டுப் பட்டிக்குள்ளேயே இறங்கிவிட்டன, ஆடுகளில் பாதி போயிற்று, நேற்று சினையாக இருந்த குதிரையையும் கிழித்துப் போட்டுவிட்டன, அதைக் காக்கப் போன நம் நாய் அக்தோஷும் திரும்பவில்லை. அப்பாவின் துப்பாக்கி பனிக்கு முன்னாலேயே குழல் வெடித்துப் போயிற்று. கூட்டுப் பண்ணைக் காலத்தில் தாத்தாவுக்குப் பரிசாகக் கொடுத்த வேட்டைத் துப்பாக்கி மட்டும் கம்பளிக்குள் புத்தம் புதிதாகக் கிடக்கிறது. உன் தொட்டில் விருந்தன்று தாத்தா அதை உன் பக்கத்தில் கிடத்தி, "இதோட முதல் குண்டு இவன் கையாலதான்" என்று ஊர் முன்னால் சொன்னார், அதையே பிடித்துக்கொண்டு உன் அப்பா இன்றுவரை அதில் ஒரு தோட்டாகூடப் போட்டதில்லை. எடுக்கிறார், எண்ணெய் போட்டுத் துடைக்கிறார், மறுபடி சுற்றி வைக்கிறார். ஓநாய் வந்தால் கழியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். பக்கத்துப் பட்டி சாதிர்குல், "என்னண்ணே, ஓநாய்க்குப் பாடம் நடத்தவா குச்சியோட போறீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். நானும் கெஞ்சிப் பார்த்தேன். "அது என் பையனோடது, அவன் வருவான், நீ வாய மூடுடி" என்று கத்தினார், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார்.

நீ அங்கே வீடு வாங்கியதையும் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்ததையும் நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வேன்? நீ "சுடுங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் சுடுவார், மிச்ச ஆடுகளாவது பிழைக்கும். ஆனால் அதைக் கேட்ட மாத்திரத்தில் நீ இனி வரமாட்டாய் என்று அவருக்குப் புரிந்துவிடும், அப்புறம் அவர் எதற்காகக் காலையில் எழுந்திருப்பார்? சொல்லாவிட்டாலோ, கழியோடு போகிறவர் ஒருநாள் திரும்பாமலே போய்விடுவார். எனக்கு எந்தப் பக்கமும் வழி தெரியவில்லையடா.

குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. போகிற வழியெல்லாம் அல்லா உனக்கு வெளிச்சம் காட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, அப்பாதான் எடுப்பார், என்ன சொல்வாயோ அவரிடமே சொல். நான் பட்டிக்குப் போய்விடுவேன், அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

உன் அம்மா,
புருல்