மீசையும் உள்வேலையும்

பிரான்ஸ், 12.1.2007

அன்புள்ள பவளத்துக்கு,

சிரிக்காம படி: மீசைய எடுத்துட்டேன். மத்தபடி நான் சுகம். உன் கால் வலி எப்படி?

நான் கூட்டுற இடத்துல, வேற நட்சத்திரங்களைச் சுத்துற உலகங்களைப் பார்க்க ஒரு கருவி செய்யுறாங்க. லொறி வெளிச்சத்தைக் கையால மறைச்சா ஓரத்துல நிக்கிற ஆள் தெரியும்ல, நட்சத்திர வெளிச்சத்துக்கும் அதே வித்தைதான். அந்தக் கருவி இருக்கிற அறையில ஒரு முடி விழக்கூடாது. "மீசைய எடுத்தா உள்வேலை, இல்லன்னா பனியில வாசல் கூட்டு"ன்னாரு சூப்பவைசர்.

போட்டோ ஒண்ணு அனுப்பு, முறைக்காம நில்லு. மாத்தளைக்குப் போனா சோதனைச் சாவடியில காட்ட அடையாள அட்டைய மறக்காத, பொழுதோட திரும்பிரு.

வேலைக்கு நேரமாச்சு. நேத்து உடுப்பு மாத்துற இடத்துல உன் கடிதத்தைப் பிரிச்சேன். நீ வச்சிருந்த மாரியம்மன் கோயில் திருநீறு என் மேல கொட்டிருச்சு. உள்ள போனதும் தூசி பார்க்குற மெஷின் கத்துச்சு. பெரிய படிப்பு படிச்சவங்க எல்லாரும் வெளியே வந்து நின்னாங்க. வேலை போகல. இன்னைக்கு அந்த அறை முழுக்க நான்தான் துடைக்கிறேன்.

உன் சிங்காரம்