இரண்டு வோல்ட் போதும் என்றேன்

3 மார்ச் 1989, வெள்ளி

பஸ்ஸில் நசுங்கி, கசங்கிய சட்டையோடு கிலாங்குக்கு, எங்கள் சிப் தொழிற்சாலைக்கு, போய்ச் சேர்ந்தேன். போனதும் மேனேஜர் ரேமண்ட் எல்லார் முன்னாலும் என்னைத் தூக்கிவைத்துப் பேசினார். “புஷ்பராணி கணக்குப்படி பேட்டரி ரெண்டு மடங்கு ஓடும்லா!”

கடைகளில் காசு வாங்கும் மெஷினுக்குப் போகும் மெமரி சிப் இது. கரண்ட் போனால் பேட்டரியில் தூங்கும். தூங்கினாலும் எழுதிவைத்த எதையும் மறக்கக் கூடாது. இதுவரை மூன்று வோல்ட்டில் தூங்கியதை இரண்டு போதும் என்று மாற்றியவள் நான். இன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் ஒரு லாட், ஒரு தொகுதிச் சிப்புகள் முழுதும், டெஸ்டில் ஃபெயில். போன வெள்ளிக்கிழமையும் இப்படித்தானே?

6 மார்ச், திங்கள்

வெள்ளிக்கிழமை லாட்கள் மட்டும்தான் மறக்கின்றன. ரேமண்ட் ஆளைப் பிடித்துவிட்டார்: அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் சுலைமான் அண்ணன். சிப்புகளைப் பலகையில் பொருத்திச் சூட்டடுப்பில் வைத்து, எண்களை எழுதி, வோல்ட்டைக் குறைத்துக் கொஞ்ச நேரம் தூங்கவிட்டு, திரும்பப் படித்துப் பார்ப்பது அவர் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் பலகையைத் தூங்கவைத்துவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போவார். இடைவேளை இரண்டு மணி நேரம். வந்துதான் படிப்பார்.

“தொழப் போறத யாரு வேணாங்குறா? அப்படியே போட்டுட்டுப் போனா வயரு கியரு லூசாகாதா?” என்கிறார் ரேமண்ட்.

அண்ணனிடம் கேட்டேன். “கிலாங் தொறந்த நாள்லேருந்து இப்படித்தான் வெச்சிட்டுப் போறேன் தங்கச்சி. அப்பல்லாம் ஒண்ணும் ஆவலியே. இப்ப மட்டும் என்னாவாம்?”

அப்போதெல்லாம் மூன்று வோல்ட். இப்போது — இல்லை, இருக்காது.

8 மார்ச், புதன்

“என்ன பிள்ளை, முகம் வாடிக் கிடக்கு?” என்றார் அம்மா. தலைவலி என்று சொல்லித் தப்பித்தேன்.

10 மார்ச், வெள்ளி

மறுபடியும் ஃபெயில். இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும் என்று அண்ணனை எச்சரித்துவிட்டார்கள். “இனிமே ஜும்மாவுக்கு முன்னாடி பலகையே வெக்கல. போதுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

14 மார்ச், செவ்வாய்

இன்று ஜும்மாவும் இல்லை, அண்ணனும் லீவு. நானே பலகையை வைத்தேன். ஒவ்வொரு வயரையும் அழுத்திப் பார்த்தேன். வழக்கமான சிறு தூக்கத்தில் எல்லாம் பாஸ். பலகையை ஆறவைத்து, மறுபடி அடுப்பில் வைத்து, அங்கேயே நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன்.

மறந்துவிட்டன.

கொஞ்ச நேரத்தில் சூடு சிப்பின் உள்வரை போவதில்லை. அதனால் தப்பிக்கின்றன. உள்ளே நன்றாகச் சூடேறியதும் கரண்ட் கசிகிறது, இரண்டு வோல்ட் அதை ஈடுகட்டப் போதவில்லை. வயரும் இல்லை, அண்ணனும் இல்லை. என் கணக்கு. நான் போட்ட கணக்கு! ஒரு மண்டுக்குக்கூடத் தோன்றியிருக்கும்.

15 மார்ச், புதன்

சொல்லவில்லை. நாளைக்கு மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ரேமண்ட் என் இரண்டு வோல்ட்டைத்தான் காட்டப்போகிறார். அது முடியட்டுமே. ஒருநாளில் என்ன வந்துவிடும்?

16 மார்ச், வியாழன்

கை தட்டினார்கள். எனக்குப் பதவி உயர்வு என்றுகூடப் பேச்சு வந்தது. நானும் இளித்துக்கொண்டு நின்றேன். சீ.

17 மார்ச், வெள்ளி

ஐயோ, என்ன செய்துவிட்டேன்.

காலையில் நானே போய், “அண்ணே, இன்னிக்கு பலகைய வெச்சிட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்” என்றேன். ஃபெயில் ஆனதும் ரேமண்டைக் கூப்பிட்டுக் காட்டி, காரணம் என்னுடையது என்று சொல்லிவிடுவதாகத் திட்டம். நல்ல திட்டம்தான். சொல்லுகிற வாய் வேண்டாமா?

ஃபெயில் ஆனது. நான் கூப்பிடுவதற்குள் ரேமண்டே வந்துவிட்டார். எல்லார் முன்னாலும் கத்தினார். “சொல்லியும் கேக்கல, பாத்தியா? சாமி கும்பிடுற அக்கறையில பாதி வேலையில இருக்கா?”

சுலைமான் அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். ஒரே முறை. நான் சொல்லித்தான் பலகையை வைத்தார் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

“வேல போனா போவுது. என் தொழுகைய இழுக்காதீங்க.” கோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நீயெல்லாம் ஒரு மனுஷியாடி, புஷ்பராணி?

20 மார்ச், திங்கள்

ரேமண்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, “லாட்ட நிறுத்து. மூணு வோல்ட்டுக்கே போ” என்றார்.

“சுலைமான் அண்ணனத் திரும்பக் கூப்பிடலாமா சார்?”

“அவரே போனாருலா. இப்பக் கூப்பிட்டா, ஏன்னு மேல கேப்பாங்க. என்னா சொல்றது?”

உண்மையைச் சொல்லலாம் என்றேன். கதவைப் பார்த்துக் கை காட்டினார்.

26 மார்ச், ஞாயிறு

சுலைமான் அண்ணனைப் பார்க்க அவர் ஊர் புக்கிட் மெர்தாஜாம் போனேன். பசார் சந்தைப் பக்கத்தில் தன் மச்சான் கடையில் ரொட்டி வீசிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை வீசுவதை நிறுத்தவில்லை.

“தெரியும் தங்கச்சி. அன்னிக்கு ஒங்க மூஞ்சப் பாத்ததுமே தெரிஞ்சிச்சி.”

“அப்புறம் ஏண்ணே வாயத் தொறக்கல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன்.”

நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். திரும்பி வேலைக்கு வரச் சொன்னேன், மாட்டேன் என்று தலையாட்டினார். பஸ்ஸில் அழுதேன், யார் பார்த்தால் என்ன.

2 ஜூன், வெள்ளி

சிப்பில் திருத்தம் செய்து, இப்போது இரண்டரை வோல்ட்டில் தூங்குகிறது. ஒன்றும் மறப்பதில்லை. என் பதவி உயர்வுப் பேச்சை யாரும் எடுப்பதில்லை, நானும் கேட்கவில்லை.

புது விதி: எந்த லாட்டும் அடுப்பில் இரண்டு மணி நேரம் தூங்கியே ஆகவேண்டும். வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, தினமும். அடுப்பு ஆட்கள் அதற்கு ஜும்மா டெஸ்ட் என்று பேர் வைத்துவிட்டார்கள். ரேமண்டும் அப்படித்தான் சொல்கிறார்.

புதிதாகச் சேர்ந்த அக்னஸ் இன்று கேட்டாள்: “ஏன்க்கா, ரெண்டு மணி நேரம் சும்மா போவுதே. கொஞ்சம் கொறைக்கக் கூடாதா?”

ரேமண்ட் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்த்தார்.

“ஒரு நிமிஷம்கூடக் கொறைக்க முடியாது” என்றார்.