யானை, ஓசி, குருவி

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

அன்பில் குறை வைக்காமலும் கோபத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்தும் உங்கள் மனைவி எழுதுவது. இங்கே நானும் அத்தையும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியம் என்பதை நீங்கள் அனுப்பிய போட்டோவே சொல்லிவிட்டது. கன்னம் இரண்டும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கின்றன. கப்பல் சாப்பாடு ஒத்துக்கொண்டது போலிருக்கிறது. அத்தையோ அந்தப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை துரும்பாய் இளைத்துவிட்டான் என்று மூக்கை உறிஞ்சினார்கள். 

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஆரம்பிப்பதற்குள் நீங்கள் உங்கள் கப்பல் மேடை விளக்குப் புராணத்தை ஆரம்பித்துவிடுகிறீர்கள். புராணம் முடிவதற்குள் நடுக்கடலில் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா? கடைசி வரி வரை நான் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நம் அரங்கத்தில் விளக்குகளைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் போர்டு போன மாதம் ஒத்திகையின் நடுவே புகை விட்டு அடங்கியது உங்களுக்குத் தெரியும். எலெக்ட்ரீஷியன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். இனி மேடை விளக்குகளைக் கம்ப்யூட்டர்தான் ஓட்ட வேண்டும், எந்த சாஃப்ட்வேர் நமக்குச் சரிப்படும் என்று ஓட்டிப் பார்த்து இந்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லம்மா என்று அரங்கச் செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார். எதையும் அடுத்தவர் தலையில் கட்டுவது அவருக்குக் கைவந்த கலை. புகை வந்த அன்று தீயணைக்கும் வாளியைக்கூட என் கையில்தான் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் கடிதம் வந்தது. நான்கு பக்கம் உங்கள் கப்பல் மேடையில் விளக்குகளை ஓட்டும் சாஃப்ட்வேரின் பெருமை. அது எத்தனை விளக்குகளைக் கட்டி மேய்க்கும், திரையில் மேடையையே படமாக வரைந்து காட்டும், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை ஓட்டுவீர்கள், அதையே வாங்கச் சொல். கடைசிப் பக்கத்து ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி எழுதின மாதிரி ஒரு வரி. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கக் கம்பெனியில் கேட்கிறார்கள், யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான். வருவீர்களா மாட்டீர்களா என்று அந்த வரியைத் திருப்பித் திருப்பிப் படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பெட்டி கட்டிக் கொடுத்து ஏற்றிவிட்டவளே நான்தான். அதனால் கேட்கவும் வெட்கமாக இருந்தது. சரி, விளக்குப் பிரச்சினையை முதலில் பார்ப்போம் என்று எடுத்து வைத்துவிட்டேன்.

மூன்று சாஃப்ட்வேர்களைச் சோதனைக்கு எடுத்தேன். அசல் பெயர்கள் அத்தையின் வாயில் நுழையாததால் அவர்களே பெயர் சூட்டிவிட்டார்கள். உங்கள் கப்பலில் இருப்பது யானை. பெரியது, எல்லாம் செய்யும், தீனியும் அதற்குத் தக்கபடி. ஒருவர் விளக்குகளை அமைக்க, பக்கத்தில் ஒருவர் ஓட்ட என்று இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் அது ஒழுங்காக நடக்கும். இரண்டாவது ஓசி. யாரோ புண்ணியவான்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது சின்னது, வேஷம் போடாதது, அது குருவி.

சோதனைக்கு நம் பழைய நாடகத்தையே ஓட்டுவது என்று முடிவு செய்தோம். நம் மகாராஜாவைத் தாண்டி எந்த சாஃப்ட்வேர் நிற்கிறதோ அதுதான் நமக்கு. ராஜா வேஷம் தவிர வேறு கட்டமாட்டேன் என்கிற மனுஷர் இன்னும் அப்படியேதான் இருக்கிறார். கூட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் இருமினால் போதும், ஜனங்களுக்கு அலுத்துவிட்டது என்று நாலைந்து பக்கம் தாண்டிக் குதித்துவிடுவார். அத்தை பக்கத் திரைக்குப் பின்னால் வசனப் புத்தகத்தோடு உட்கார்ந்து, அவர் எங்கே போய் இறங்கினாரோ அந்தப் பக்கத்து எண்ணைக் காது மைக்கில் நமக்குச் சொல்வார்கள். நான் வண்ண விளக்குகள், நீங்கள் முகத்து விளக்குகள், இரண்டு பேருமாக டிம்மர் போர்டின் கட்டைகளை ஏற்றி இறக்கி அவரைத் துரத்திப் பிடிப்போம். இத்தனை வருஷம் நம் பிழைப்பு அப்படித்தானே ஓடியது? இருமுவதற்கு ஆள் வேண்டும் என்பதற்காக இந்தத் தடவை பக்கத்துத் தெருக்காரர்களையும் ஒத்திகைக்குக் கூப்பிட்டோம். செயலாளர் வாசலில் நின்று, தாராளமாக இருமுங்கள் என்று சொல்லி உள்ளே அனுப்பினார்.

முதல் நாள் யானை. யானையில் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் வரிசையாக ஓர் எண் உண்டு. பொத்தானை அமுக்கினால் அடுத்த எண் வரும். இடையில் தாவ வேண்டுமென்றால் எண்ணைத் தட்ட வேண்டும். மகாராஜா அரண்மனை வழக்கு நடக்கும்போதே இருமலைக் கேட்டுவிட்டுக் கல்யாணக் காட்சிக்குத் தாவினார். அத்தை “நாற்பது” என்றார்கள். நானும் பழக்க தோஷத்தில் நாற்பதைத் தட்டிவிட்டேன். அத்தை சொன்னது புத்தகத்தில் நாற்பதாம் பக்கம். யானையின் நாற்பதாவது வெளிச்சம் புயல். மணமேடை முழுக்க நீலம், பளீர் பளீரென்று மின்னல். மாலையோடு நின்ற மகாராஜா அண்ணாந்து பார்த்து, வானமே நம்மை வாழ்த்துகிறது தேவி என்று ஒரு வசனத்தைக் கைச்சரக்காக எடுத்து விட்டார். தேவிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, மாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பக்கத்துத் தெரு எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் புயலை அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்று மகாராஜா என்னிடம் வந்து கேட்டார். பக்கத்தில் நீங்கள் இருந்திருந்தால் என் கையைத் தட்டிவிட்டுச் சரியான எண்ணைப் போட்டிருப்பீர்கள்.

அடுத்தது ஓசி. முக்கால் நாடகம் வரை தங்கமாக ஓடியது, நானும் மனதுக்குள் கோவில் கட்ட ஆரம்பித்துவிட்டேன். மகாராஜா கத்திக்குத்துப்பட்டு விழும் நேரம் பார்த்து லேப்டாப் அசையாமல் நின்றுவிட்டது. அரண்மனைத் தோட்டத்துக்காகப் போட்ட பச்சை விளக்கு அவர் முகத்திலேயே தங்கிவிட்டது. நான் எதை அமுக்கினாலும் பச்சை. பச்சை மிளகாய் மாதிரி கிடந்து வெகுநேரம் வசனம் பேசி உயிரை விட்டார் பாவம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, சரிதான். கறக்கிற நேரத்தில் படுத்துக்கொண்டால் என்ன செய்வது? நம் லேப்டாப்பின் வயசும் ஒரு காரணமாக இருக்கலாம், ஓசியை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

குருவிக்கு வருவோம். அதில் வரிசை என்ற கெடுபிடியே இல்லை. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு வெளிச்சம், எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அது வரும். கட்டத்துக்கு நாம் விரும்பிய பெயர் வைக்கலாம். நான் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் வசனப் புத்தகத்தின் பக்க எண்ணையே பெயராக வைத்தேன். அத்தை பக்கத்தைச் சொல்ல வேண்டியது, நான் அதே எண்ணைத் தொட வேண்டியது, நடுவில் மூளைக்கு வேலையே இல்லை.

அன்றைக்கென்று ஊரெல்லாம் ஜலதோஷம். மகாராஜா முன்னால் தாவினார், ஏதோ நல்ல வசனத்தை விட்டுவிட்டோம் என்று ஞாபகம் வந்து பின்னாலும் தாவினார், மறுபடி முன்னால் போனார். வெளிச்சம் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. நாடகம் முடிந்து மேக்கப்போடு நேரே என்னிடம் வந்தார். “இன்னிக்கு நான் எங்க போனாலும் வெளிச்சம் முன்னாடியே வந்து நிக்குதேம்மா” என்றார். அந்த வாயிலிருந்து பாராட்டு வந்து நான் கேட்டதே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூட்டை கட்டும்போதுதான் உறைத்தது. நாடகம் முழுக்க என் கைப்பையும் தண்ணீர் பாட்டிலும் உங்கள் நாற்காலியில் இருந்திருக்கின்றன. நானே வைத்திருக்கிறேன், வைத்ததுகூட ஞாபகமில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அழவெல்லாம் இல்லை, பயப்படாதீர்கள்.

செயலாளர் கண்ணில் எது படக் கூடாதோ அது படாமல் போகுமா? மறுநாளே வந்துவிட்டார். “ஒருத்தரே போதும்னா ரெண்டாவது நாற்காலி எதுக்கும்மா?” என்றார். உங்கள் வேலையை இதுவரை நீண்ட விடுப்பு என்று காட்டிக் காப்பாற்றி வந்தது அவர்தான், அதை மறக்கக் கூடாது. ஆனால் குருவியை வாங்கினால் இரண்டாவது ஆளுக்கு என்ன காரணம் சொல்வது என்று அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. யானையை வாங்கினால் இந்தக் கேள்வியே எழாது. அதற்கு இரண்டு பேர் வேண்டும், உங்கள் நாற்காலி பத்திரம்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, ஒரு நாள் முழுக்க யானை பக்கம்தான் சாய்ந்திருந்தேன். பாத்திரம் கழுவும்போதும் யானை, துணி மடிக்கும்போதும் யானை. யானையை வாங்கிவிட்டால் நீங்கள் வந்தே ஆக வேண்டும், நான் தனியாகத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு உங்களால் அங்கே இருக்க முடியாது, உங்கள் சுபாவம் எனக்குத் தெரியும். அப்படியே போய்ச் சொல்லிவிடலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்புறம் நீங்கள் வந்து இறங்குவதை நினைத்துப் பார்த்தேன். வந்து உட்கார்ந்து, வேலையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்வீர்கள். ஆனால் கப்பலை விட்டுவிட்டு எதற்கு வந்தோம் என்று என்றாவது ஒரு நாள் உங்கள் மனதில் ஓடினால், யானைக்காக என்றுதானே பதில் வரும்? எனக்கு அது பிடிக்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை போய்க் குருவி என்று சொல்லிவிட்டேன். நம் அரங்கத்துக்கும், நம் மகாராஜாவுக்கும், அத்தையின் வாய்க்கும் அதுதான் பொருத்தம். உங்களுக்கு வருத்தம் இருக்கும். யானையைப் பழிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கப்பலுக்கு அது, நமக்கு இது.

செயலாளர் உடனே இரண்டாவது நாற்காலிப் பேச்சை எடுத்தார். நான் விடுவேனா? குருவி விளக்கை ஏற்றும், இறக்கும், நிறம் மாற்றும், எல்லாம் சரி, புது நாடகத்துக்கு அத்தனை விளக்கையும் திருப்பி வைக்க அது ஏணியில் ஏறுமா என்று கேட்டேன். ஒருவர் மேலே ஏறி விளக்கைத் திருப்ப வேண்டும், ஒருவர் கீழே நின்று ஏணியையும் பிடிக்க வேண்டும், முகத்தில் வெளிச்சம் விழுகிறதா என்றும் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டாமா என்றேன். தலையைச் சொறிந்தார். கடைசியில், மழை ஓய்ந்து புது நாடக ஒத்திகை தொடங்கும் வரைக்கும் இடத்தைக் காலியாக வைக்கிறேன், அதற்குள் அவர் வந்தால் அவர், வராவிட்டால் வேறு ஆள் என்று முடித்துவிட்டார். அதற்கு மேல் அவரை நெருக்க எனக்கும் மனமில்லை.

அத்தைக்கு இருமல் இல்லை, முழங்கால் வலி மட்டும் அவ்வப்போது. கடிதம் எழுதுகிறேன், என்ன எழுதட்டும் என்று கேட்டேன். “நல்லா இருக்கேன்னு எழுது. ரொம்ப நல்லா இருக்கேன்னு எழுதிடாத, அங்கயே இருந்துடுவான்” என்றார்கள். சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன், அதற்காக நீங்கள் அங்கிருந்து யோசனை சொல்ல வேண்டாம்.

நான் சொல்ல வந்தது இதுதான். என்னால் தனியாக ஓட்ட முடியும், ஓட்டிப் பார்த்துவிட்டேன். அங்கே அந்தப் பெரிய மேடையும் சுழலும் விளக்குகளும் உங்களுக்குப் பிடித்திருந்தால், மனதாரச் சொல்கிறேன், கையெழுத்துப் போடுங்கள். நான் சண்டை போட மாட்டேன். கொஞ்சம் போடுவேன், அது ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் நான் கஷ்டப்படுவேனே என்று மட்டும் வராதீர்கள். இங்கே வேலை நடக்கிறது. எனக்குத்தான் நீங்கள் வேண்டியிருக்கிறது. வேறு ஒரு காரணமும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நன்றாகச் சாப்பிடுங்கள், தூங்குங்கள், கடல் காற்றில் தொண்டையை மூடிக்கொள்ளுங்கள். விளக்கு மாட்ட ஏறும்போது அவசரப்படாதீர்கள், கப்பல் ஆடும். கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள அங்கே நான் இல்லை.

என்றும் உங்கள்,
வீட்டுக்காரி