பாங்கொக்கில் திரும்பிப் பார்க்காத நாள்

சிவமயம்

வெள்ளவத்தை,
17.08.1997

அன்பு மகள் அருந்ததிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகனும் குழந்தை ஆரபியும் அந்தக் குளிர் நாட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மயூரபதி அம்மனை வேண்டுகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி வழக்கம்போல எழுத இந்த முறை கை வரவில்லை, உயிரோடு இருக்கிறோம், அவ்வளவுதான். உன் தம்பி பாலனைப் பற்றி இன்றைக்கும் ஒரு தகவலும் இல்லை. அவனை வெளிநாட்டுக்கு அனுப்பக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரனின் பாங்கொக் ரெலிபோன் இலக்கம் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. இங்கே அவனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன் ஜிந்துப்பிட்டியில் இருந்தான், அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டான், பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் தாங்களும் கதவைச் சாத்துகிறார்கள். அவன் பாங்கொக்கை விட்டுப் போய் மூன்று மாதமாகப் போகிறது. இனி நல்ல செய்தி வரும் என்று நான் நம்பவில்லை பிள்ளை. அம்மாவுக்கு முன்னால் இதைச் சொல்ல முடியாது, உனக்குச் சொல்கிறேன்.

நான் இன்றைக்கு எழுத வந்தது வேறு விஷயம். பாலனோடு பாங்கொக்கில் ஒரே அறையில் இருந்த பேர்னாட் போன மாதம் ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்து உனக்கு எல்லாம் சொன்னான் என்று நீ ரெலிபோனில் சொன்னாய். நாங்கள் பாங்கொக்குக்குப் போயிருந்தபோது தான் சந்தையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் நாங்கள் திரும்பாமல் ஓடிவிட்டோம் என்று அவன் சொன்னானாம். ஏன் அம்மா, ஒருக்கா திரும்பிப் பாக்கேல்லை என்று நீ அவளிடம் அழுது கேட்டாய். சனச் சத்தத்திலை எனக்குக் கேக்கேல்லை பிள்ளை, என்ரை காது இப்ப சரியில்லை என்று அவள் சொன்னாள். அதற்குப் பிறகு நீ எடுத்தால் என்னோடு மட்டும் கதைத்துவிட்டு வைக்கிறாய். ஆகவே அந்த நாளை முதலிலிருந்து நானே எழுதுகிறேன், வாசித்துவிட்டு யாரோடு கோபிக்க வேண்டும் என்று நீயே முடிவு செய். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

நாங்கள் போனது அலவி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போகும் நாலு நாள் பயணத்தில். கொட்டாஞ்சேனையில் புடவைக் கடை வைத்திருக்கிற அலவிதான், அவருக்குப் பாங்கொக் சந்தை தன் வீட்டுக் குசினி மாதிரி. மற்றவர்கள் சாமான் எடுக்க வந்தவர்கள், நாங்கள் பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள், அது அலவிக்குக்கூடத் தெரியாது. வீட்டுக்கார டோரின் மிஸ் வாசலில் நின்று, இந்த வயசில ரெண்டு பேரும் ஹனிமூனோ என்று பகிடி பண்ணினார். ஓம் என்று சொல்லிவிட்டுப் போனோம். பாலன் அப்போது பதினாலு மாதமாக ஒரு அறையில் பதினொரு பேரோடு அடைந்து கிடந்தான். ஏஜென்சிக்காரன் ஒரு மணித்தியாலம் வெளியே விடச் சம்மதித்திருந்தான், செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அங்கேயுள்ள மாரியம்மன் கோயிலில். அடுத்த நாள் காலையில் எங்களுக்குத் திரும்பிவரப் பிளேன். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் கடவுச்சீட்டு எடுத்து, பொலிஸ் ரிப்போர்ட் எடுத்து, இவ்வளவு தூரம் போனது.

செவ்வாய் காலையில் அவனுக்கு ஒரு குளிர்ச் சட்டை வாங்கச் சந்தைக்குப் போனோம். போகும் வழியில் ஒரு பெரிய கடைத்தொகுதி. வாசலில் தொப்பி போட்ட காவலாளி எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். நான் உடனே, கொழும்பில் சோதனைக்கு மறிக்கும்போது செய்கிற மாதிரி, கைப்பையைத் திறந்து அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாவற்றையும் எடுத்து நீட்டினேன், அம்மா தன் பையைத் திறந்து பாலனுக்குக் கொண்டுவந்த எள்ளுப்பாகுத் தகர ரின்னின் மூடியையும் கழற்றிக் காட்டினாள். அவன் எங்களுக்கு வணக்கம் சொன்னவனாம். ஒரு எள்ளுப்பாகு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் வணக்கம் சொன்னான். பிறகு சட்டைக் கடையில் அளவு தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் பிடுங்குப்பட்டோம். பாலன் மெலிந்திருப்பான் என்று நான், இல்லை தோள் தோள்தான் என்று அவள். கடைசியில் விற்கிற பெடியனைப் பிடித்து நிறுத்தி, பாலனின் நெஞ்சு அளவு இதுதான் என்று சொல்லி, அந்த வெக்கையில் ஏழு சட்டை மாற்றிப் போட வைத்தாள். அவன் வியர்த்து வழிந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் சுற்றிச் சுற்றிக் காட்டினான். அதற்குள் என் செருப்பு வார் அறுந்து, தெருவில் ஒரு கிழவியிடம் புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்த பிறகுதான் இரண்டும் இடது கால் என்று கண்டேன். அம்மா ஒரு சுவரில் சாய்ந்து நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாள். மாற்றுவதற்குத் திரும்பப் போனால் கிழவி இல்லை.

அந்த இடத்தில்தான் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், வரதராசா ஐயா, ஒருக்கா நில்லுங்கோ என்று கூப்பிட்டது. நல்ல தமிழ், தெளிவான குரல். போன வருடம் ஆனியில் எனக்கு நடந்தது உனக்குத் தெரியும். காலி வீதியில் மீன் சந்தைக்கு முன்னால் இப்படித்தான் ஒருவன் பின்னாலிருந்து மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், நான் திரும்பிச் சிரித்தேன், ஜீப்புக்குள் முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்டிக்கொடுக்க இருந்த தலையாட்டி தலையை ஆட்டினான். ஒன்பது நாள் உள்ளே அடைத்து வைத்திருந்தார்கள். வெளியே வந்த அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டேன், தெருவில் யார் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது, நடையை மாற்றக் கூடாது, தமிழில் கூப்பிட்டால் அறவே கூடாது என்று. அம்மாவுக்கு அது முதலில் பிடிக்கவில்லை. தெரிஞ்ச சனம் கோவிக்கும் என்றாள். கோபிக்கட்டும் என்றேன். பாங்கொக்கில் யார் எங்களைப் பிடிக்கப் போகிறார்கள் என்று நீ கேட்பாய். நானும் இப்போது கேட்கிறேன். அந்த நேரம் மூளை அப்படி வேலை செய்யவில்லை, எங்களைத் தெரிந்த ஒருவரும் இல்லாத ஊரில் ஒருவனுக்கு என் பெயர் எப்படித் தெரியும் என்றுதான் ஓடிற்று.

பிள்ளை, அம்மாவுக்குக் காது கேட்டது. எனக்கு முதல் அவளுக்குத்தான் கேட்டது. அவள் நின்றாள், பாதி திரும்பியும் விட்டாள். உங்கடை பேரையெல்லோ கூப்பிடுறாங்கள் என்றாள். அதுதான் சொல்லுறன், நட என்று நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். இழுத்த இழுப்பில் கண்ணாடிக் காப்பு உடைந்து அவள் கையைக் கீறிவிட்டது. இரண்டு இடது கால் செருப்போடு நான் ஓட, அவள் சட்டைப் பையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு என் பின்னால் இழுபட்டு வந்தாள். தெரு முடக்கில் ஒரு ஓட்டோ நின்றது, ஏறினோம். ஓட்டோவுக்குள் அவள் சேலைத் தலைப்பால் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, பாலன் அனுப்பின ஆளாய் இருக்குமோ, திரும்பிப் போய்ப் பாப்பமோ என்று கேட்டாள். பாலன் கோயிலுக்குத்தான் வருவான், நீ சும்மா இரு என்று அதட்டினேன். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம் அவள் சொல்லி, இரண்டு தரமும் நான் மறித்தேன்.

கோயிலில் இரண்டு மணிக்கே போய் இருந்தோம். மூன்று, நாலு, ஐந்து. வாசலால் வருகிற ஒவ்வொரு இளந்தாரியையும் அம்மா எழும்பி நின்று பார்த்தாள். ஐயர் இரண்டு தரம் பிரசாதம் தந்தார், அவள் அதையும் பாலனுக்கு என்று மடித்து வைத்தாள். கதவு சாத்துகிற நேரம் வந்ததும் எழும்பினோம். ஏழு மணிக்கு ஹோட்டலுக்கு வந்தால், அலவியின் மனைவி பஹ்மியா, காலைல ஒரு தமிழ் ஆள் ஒங்களத் தேடி வந்தாரே, நாந்தான் சட்டக் கடப் பக்கம் போயிருக்காங்கன்னு சொல்லியனுப்பினேன், காணல்லயா என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலில் இருந்து அந்தச் சட்டையை மடிக்கத் தொடங்கினாள்.

மிச்சம் நீ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கோயில் பக்கம் பொலிஸ் பிடிக்கிறது, அங்கே போக வேண்டாம், ஹோட்டலிலேயே நில்லுங்கள், நான் அதற்கு முன்னாலுள்ள பஸ் நிறுத்தத்துக்கு வருகிறேன் என்று பாலன் சொல்லியனுப்பியதும், வேறு ஆட்களிடம் சொல்ல வேண்டாம் என்று தடுத்திருந்ததால் பேர்னாட் பஹ்மியாவிடம் ஒன்றும் சொல்லாமல் சந்தைக்கு ஓடி வந்ததும், பாலன் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் அந்த நிறுத்தத்தில் நின்றதும். கப்பலில் அனுப்பப் போகிறேன், ஆறு மணிக்குள் ஓம் இல்லை சொல் என்று ஏஜென்சிக்காரன் கெடு வைத்திருந்தானாம். போறதோ விடுறதோ எண்டு அப்பாவிட்டை ஒரு சொல்லுக் கேக்கவேணும் என்று பாலன் பேர்னாட்டிடம் சொன்னானாம். கேட்க ஆள் இல்லாமல் ஓம் என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறப் போய்விட்டான். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன். வேண்டாம், வீட்டுக்கு வா என்று சொல்லியிருப்பேனா, இந்தக் கொழும்புக்கா வரச் சொல்லியிருப்பேன். போ மகனே என்று சொல்லியிருக்கவும் கூடும். அப்படியென்றாலும் அவன் என் சொல்லோடு போயிருப்பான்.

அம்மா இன்றுவரைக்கும் உனக்கு மட்டும் இல்லை, ஒருவருக்கும் உண்மையைச் சொல்லவில்லை. ஒழுங்கையில் யார் கேட்டாலும் காதைத் தொட்டுக் காட்டுகிறாள். நீ கோபத்தில் காதுக்கு டொக்டரிடம் காட்டச் சொன்னாய் அல்லவா, அதற்கும் போனாள். டொக்டர் மணியடித்துப் பார்த்து, குசுகுசுத்துப் பார்த்து, இந்த வயதில் இப்படிக் கூர்மையான காதைத் தான் கண்டதில்லை என்று சொன்னார். அவள் அவரிடம் கெஞ்சி ஒரு சொட்டு மருந்து எழுதி வாங்கிக்கொண்டு வந்து, தினம் காலையில் என் முன்னால் இரண்டு காதிலும் விட்டுக்கொள்கிறாள். ஏனப்பா இது என்று ஒருநாள் கேட்டேன். பிள்ளைக்கு உங்கள் ஒருத்தரிலையாவது மனம் நிக்கட்டும் என்றாள். முப்பத்திரண்டு வருடம் அவளோடு வாழ்ந்தேன், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சட்டை இங்கே இருக்கிறது, மருமகனுக்குப் பொருந்துமா என்று கேட்டு அனுப்பலாம் என்றேன், அவள் அதை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள், ஆகவே நீயும் கேட்காதே. ஆரபியைக் குளிரில் கவனமாக வைத்திரு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, அழுது உடம்பைக் கெடுக்காதே. கோபம் முழுவதையும் என்மேல் வை, நான் தாங்குவேன். உங்கள் மூன்று பேருக்கும் அம்மன் துணை நிற்கட்டும், எனக்கு இனி வேறு ஆசீர்வாதம் தரத் தெரியவில்லை. வருகிற ஞாயிறு நீ எடுக்கும்போது நான் வெளியே போயிருப்பேன், அம்மாதான் எடுப்பாள். நான் எழுதினேன் என்று சொல்லாதே. சாப்பிட்டீங்களோ அம்மா என்று மட்டும் கேள். மெதுவாகக் கேட்டாலும் அவளுக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
அன்பு அப்பா
சி. வரதராசா